ஏற்காட்டு மூட்டம் போட்டோவில் ஏன் அழுக்குச் சாம்பலாகிறது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தால் ஏரிக்கு மேலே மூட்டம் இறங்கி நிற்கிறது. கண்ணுக்கு அது நல்ல வெள்ளை. பையிலிருந்து சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்து நாலு படம் எடுக்கிறோம், கீழே வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அந்த வெள்ளையைக் காணோம், எல்லாம் மங்கி அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. "சின்ன கேமராதானே, இவ்வளவுதான் வரும்" என்று நிறையப் பேர் இந்த இடத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஒரு லட்ச ரூபாய் கேமராவை ஆட்டோ மோடில், அதாவது எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிற மாதிரி வைத்து அதே மூட்டத்தை எடுத்தாலும் பெரும்பாலும் இதே சாம்பல்தான் வரும். கேமரா எப்படி வெளிச்சத்தை அளக்கிறது என்ற ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும், பீரோவில் கிடக்கிற பழைய காம்பாக்ட் கேமராவிலேயே இந்த வெள்ளையை வெள்ளையாகக் கொண்டுவரலாம்.

பட்டனை அழுத்தும்போது எதிரிலிருந்து எவ்வளவு வெளிச்சம் லென்ஸுக்குள் வருகிறது என்று கேமரா முதலில் அளக்கிறது. அதை வைத்து ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. இந்த முடிவைத்தான் எக்ஸ்போஷர் என்கிறோம். சிக்கல் என்னவென்றால், வந்து சேர்கிற வெளிச்சத்தை மட்டும்தான் அதால் அளக்க முடியும், எதிரே இருக்கிற பொருள் வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. வெயிலில் நிற்கிற எருமையிலிருந்தும் நிழலில் காய்கிற வெள்ளை வேட்டியிலிருந்தும் ஒரே அளவு வெளிச்சம் வரலாம். நமக்கு எருமை கறுப்பு, வேட்டி வெள்ளை என்று தெரியும். கேமராவுக்கு இரண்டும் ஒரே எண்.

அதனால் கேமராவைச் செய்தவர்கள் ஒரு அனுமானத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். எந்தக் காட்சியாக இருந்தாலும் அதிலுள்ள வெளிச்சத்தையும் இருட்டையும் கலந்து சராசரி எடுத்தால் அது நடுத்தரச் சாம்பலாகத்தான் இருக்கும் என்பது அந்த அனுமானம். மேலே விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று புகைப்படக்காரர்கள் இதைச் சொல்வார்கள். சாதாரணத் தெருவுக்கு இது அருமையாகப் பொருந்தும். தார்ச்சாலை, மரம், ஆட்கள், சுவர், கொஞ்சம் வானம், எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்தச் சாம்பல்தான் வரும். நம் படங்களில் முக்கால்வாசி ஆட்டோவிலேயே நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் சட்டகம், அதாவது படத்துக்குள் அடங்குகிற பரப்பு, முழுக்க வெள்ளையே நிறைந்திருந்தால் கேமரா "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகும். முழுக்க இருட்டு நிறைந்திருந்தால் கூட்டிவிடும், கறுப்பும் சாம்பலாகும். சில கேமராக்கள் முகத்தையோ காட்சியின் வகையையோ அடையாளம் கண்டு ஓரளவுக்குத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனாலும் அடிப்படைக் கணக்கு மாறாது.

இதை நம்புவதற்கு நேரில் பார்ப்பதுதான் நல்ல வழி. வீட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, வேட்டி மட்டும் சட்டகம் முழுக்கத் தெரிகிற மாதிரி ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அதே இடத்தில் ஒரு கறுப்புக் குடைத்துணியை விரித்து இன்னொரு படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வேட்டி துவைக்காத நிறத்தில் இருக்கும், குடை வெளுத்துப்போயிருக்கும், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். இதைப் பார்த்தவர்களுக்கு அதற்கப்புறம் கேமரா மேல் கோபம் வராது.

சரி, தீர்வு என்ன? கேமராவில் பிளஸ், மைனஸ் குறி இரண்டும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் போட்ட அடையாளம் ஒன்று இருக்கும். சில மாடல்களில் பின்பக்க நான்கு திசைப் பட்டனில் ஒரு திசையாக இருக்கும், சிலவற்றில் மெனுவுக்குள் போக வேண்டும். முழு ஆட்டோவில் பெரும்பாலும் இது வேலை செய்யாது, பி மோடு அல்லது புரோகிராம் என்று இருப்பதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பி மோடில் மற்றதெல்லாம் ஆட்டோதான், பயப்பட ஒன்றுமில்லை, நம் பேச்சையும் கொஞ்சம் கேட்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்த அடையாளத்தை அழுத்தினால் மைனஸ் 2-லிருந்து பிளஸ் 2 வரை ஒரு அளவுகோல் வரும், மூன்றில் ஒரு பங்காக 0.3, 0.7, 1 என்று நகரும். பிளஸ் 1 வைத்தால் கேமரா தானாக எடுத்திருக்கக்கூடியதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம், மைனஸ் 1 வைத்தால் பாதி. வெள்ளை அதிகம் என்றால் பிளஸ், கறுப்பு அதிகம் என்றால் மைனஸ். முதலில் இது தலைகீழாகத் தோன்றும், ஏற்கெனவே வெளிச்சமாக இருப்பதற்கு ஏன் மேலும் வெளிச்சம் என்று. வேட்டிப் படத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதைப் பழகுவதற்குச் சேலத்தைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவு வெள்ளை இந்த ஊரில். குச்சிக்கிழங்கு மாவும் ஜவ்வரிசியும் காய்கிற சேகோ ஃபேக்டரிக் களங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரை முழுக்க வெள்ளை விரிந்து கிடக்கும், நடுவில் ஆட்கள் கிளறிவிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆட்டோவில் எடுத்தால் களம் சாம்பல், ஆட்களின் முகம் கரி. பிளஸ் 1 வைத்து எடுத்தால் ஜவ்வரிசி வெள்ளையாகி முகமும் தெரிய வரும். ஏற்காட்டு அடிவாரப் பக்கம் தெரிகிற மேக்னசைட் வெள்ளைக்கல் மேடுகளுக்கும் இதே கணக்குதான். ஏரி மூட்டத்துக்குப் பிளஸ் 0.7-இல் தொடங்கி, மூட்டம் சட்டகத்தை முழுக்க மூடியிருந்தால் பிளஸ் 1.3 வரை போய்ப் பாருங்கள்.

மறுபக்கத்துக்கும் குறைவில்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் கற்சிற்பங்களில் நிழலில் இருப்பவற்றை நெருங்கி எடுத்தால் ஆட்டோ அவற்றை வெளுக்க வைத்துவிடும், கல்லின் கனமே போய்விடும், மைனஸ் 0.7 வைத்தால் அந்தக் கரிய கல் மறுபடியும் கல்லாகத் தெரியும். சூரிய அஸ்தமனமும் இந்த வகைதான். கேமரா வானத்தின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும்போது ஆரஞ்சும் சிவப்பும் வெளிறிவிடுகின்றன. மைனஸ் 1 வைத்து எடுத்துப் பாருங்கள், நிறங்கள் அடர்த்தியாக உட்காரும்.

காப்பித் தோட்டம் மட்டும் கொஞ்சம் பிடிவாதமானது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் திட்டுத்திட்டாக விழுகிற மத்தியானத்தில் பிளஸ் வைத்தாலும் மைனஸ் வைத்தாலும் ஒரு பக்கம் கெடும், வெயில் திட்டுகள் வெடித்த வெள்ளையாகவும் செடிகளின் அடிப்பாகம் கறுப்பாகவும் வரும். கேமராவால் ஒரே படத்தில் தாங்கமுடியாத அளவு வித்தியாசம் அது. மூட்டம் இறங்கிய காலையிலோ மேகம் மூடிய நேரத்திலோ போனால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி இலையின் பச்சை, மிளகுக் கொடி, மழைக்குப் பின் பூத்த வெள்ளைக் காப்பிப் பூ எல்லாம் தெளிவாகக் கிடைக்கும். வானத்தை மட்டும் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள். வெயில் இல்லை என்று கேமராவைப் பைக்குள் வைக்கிற பழக்கம் ஏற்காட்டில் நஷ்டம்.

பிளஸ் வைப்பதில் ஒரு எல்லை இருக்கிறது. ஒரு இடம் முழு வெள்ளையாக வெடித்துவிட்டால் அங்கே எந்த விவரமும் பதிவாகியிருக்காது, கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் திரும்பக் கிடைக்காது. கொஞ்சம் இருண்ட படத்தையாவது பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். அதனால் எடுத்த உடனே திரையில் பாருங்கள். பல கேமராக்களில் படத்தைப் பார்க்கும்போது டிஸ்ப்ளே பட்டனை அழுத்தினால் ஹிஸ்டோகிராம் என்று ஒரு மலைக்கோடு வரும், இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். மூட்டப் படத்தில் அந்த மேடு வலது பக்கம் இருக்க வேண்டும், ஆனால் வலது சுவரில் முட்டி நிற்கக் கூடாது. வெளியில் வெயிலடிக்கும்போது திரையில் படம் எப்படியும் இருட்டாகத்தான் தெரியும், அதை நம்பிப் பிளஸ் ஏற்றிக்கொண்டே போகாமல் இந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சின்ன கேமராவுக்கென்று உண்மையிலேயே இருக்கிற குறை வேறு இடத்தில் இருக்கிறது, அது சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதிவு செய்கிற சில்லின் அளவு. சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய கேமராவில் அது 36-க்கு 24 மில்லிமீட்டர், பரப்பளவில் ஏறக்குறைய 30 மடங்கு. மழையில் ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வைத்தால் எதில் எவ்வளவு சேரும் என்பதுதான் கணக்கு. பகலில் டம்ளர் நிரம்புகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது, அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இருட்டினால் சேர்வது போதாமல், கேமரா இருக்கிற கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. அப்படிப் பெருக்குகிற அளவுக்குப் பெயர் ஐஎஸ்ஓ. அதை ஏற்ற ஏற்ற படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். காம்பாக்ட் கேமராவில் 100, 200 அருமை, 400 பரவாயில்லை, 800-க்கு மேல் வேறு வழியில்லாதபோது மட்டும். (மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 6-க்கு 4 அங்குல பிரின்ட் போட அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துக் கணக்குப் போட்டாலும் 22 லட்சம் பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவுதான் வருகிறது. பழைய 5 மெகாபிக்சல், அதாவது 50 லட்சம் பிக்சல் கேமராவிலேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.)

இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றாமல் படம் எடுக்க இன்னொரு வழி, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது. அப்போது கேமரா அசையக் கூடாது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையிலிருந்து ராத்திரி கீழே சேலம் விளக்குகளாக விரிந்து கிடப்பதை எடுக்க நினைத்தால் கேமராவைக் கையில் பிடித்துப் பயனில்லை. கட்டைச்சுவர் மேல் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து அதன் மேல் கேமராவை உட்கார வையுங்கள், வார்ப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், ஃப்ளாஷை அணையுங்கள், ஐஎஸ்ஓ 100, டைமரை 2 வினாடியில் வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். விரல் அழுத்துகிற அதிர்வுகூட அதற்குள் அடங்கிவிடும். உங்கள் கேமரா பி மோடில் ஷட்டரை ஒரு வினாடிக்கு மேல் திறக்க மறுத்தால் இரவுக் காட்சி மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஃப்ளாஷைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகமாக வீணாவது அதுதான். சின்ன கேமராவின் ஃப்ளாஷ் சுமார் 3 மீட்டர் வரைதான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேர்கிற வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். லேடீஸ் சீட்டில் நின்றுகொண்டு ஊரைப் பார்த்து ஃப்ளாஷ் அடித்தால் எதிரே இருக்கிற கம்பி மட்டும் பளிச்சென்று வரும். மூட்டத்தில் அடித்தால் காற்றிலுள்ள நீர்த்துளிகள் அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பி, படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். ஆடி மாதம் சேலத்தில் குகை என்கிற பகுதிப் பக்கம் வண்டி வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். சாமி வேஷம் கட்டி வண்டி மேல் நிற்கிறவர்களைச் சுற்றி அத்தனை சீரியல் லைட் எரிகிறது, அந்த வெளிச்சத்தில்தான் அந்த அலங்காரத்தின் அழகே இருக்கிறது. ஃப்ளாஷை அணைத்து, ஐஎஸ்ஓ 800 வைத்து, வண்டி நிற்கிற நேரம் வரை காத்திருந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் அந்த ராத்திரி படத்தில் இருக்கும். ஃப்ளாஷ் நிஜமாக உதவுவது பட்டப்பகலில்தான். ஏரியில் படகில் எதிரே அத்தை உட்கார்ந்திருக்கிறார், பின்னால் தண்ணீர் வெயிலில் மின்னுகிறது, முகம் கறுத்துத் தெரிகிறது என்றால் ஃப்ளாஷைக் கட்டாயமாக எரிய வைத்து எடுங்கள். 2 மீட்டருக்குள்தானே இருக்கிறார், முகம் தெளிந்துவிடும்.

ஜூம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸ் நீண்டு நகர்கிற ஆப்டிகல் ஜூம் உண்மையானது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது, அதை மெனுவில் போய் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். ஆப்டிகலிலும் முழுக்க இழுத்தால் பல காம்பாக்ட் லென்ஸ்களில் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது, கை அசைவும் பெரிதாகத் தெரியும். நடந்து நெருங்க முடிகிற இடத்தில் நடந்துவிடுவதே நல்லது.

மூட்டத்தில் இன்னொரு தொல்லை வரும், ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். காம்பாக்ட் கேமராக்கள் பெரும்பாலும் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பைத் தேடித்தான் ஃபோகஸ் செய்கின்றன, மூட்டத்தில் அப்படி விளிம்பே இருக்காது. அதே தூரத்தில் நிற்கிற ஒரு மரத்தண்டின் ஓரத்துக்குக் கேமராவைத் திருப்பி, ஷட்டர் பட்டனைப் பாதி மட்டும் அழுத்துங்கள். பச்சைச் சதுரம் வந்ததும் விரலை எடுக்காமல் அப்படியே வேண்டிய காட்சிக்குத் திருப்பி மீதியை அழுத்துங்கள். பாதி அழுத்தும்போது பல கேமராக்களில் ஃபோகஸ் மட்டுமல்ல, வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் பிளஸ் மைனஸ் தேட நேரமில்லாத அவசரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது: காட்சியில் இருக்கிற நடுத்தரமான ஒன்று, பெரும்பாலும் புல்லோ தார்ச்சாலையோ, அதை நோக்கிப் பாதி அழுத்திவிட்டுத் திரும்புங்கள். அந்தப் புல் எடுக்கப்போகும் பொருளின் தூரத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் சரியாகி ஃபோகஸ் போய்விடும்.

மலையில் எங்கே எப்போது நிற்பது என்று கேட்டால், கிழக்குப் பக்கம் இருக்கிற பகோடா பாயின்ட்டுக்குக் காலையும் லேடீஸ் சீட்டுக்குச் சாயங்காலமும் போங்கள் என்பேன். மே மாதம் அண்ணா பூங்கா மலர்க்கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள், பூவைக் கிட்டே போய் எடுக்க மேக்ரோ மோடு, அதாவது பூ அடையாளம். மேக்ரோ பெரும்பாலும் ஜூம் இழுக்காதபோதுதான் மிக நெருக்கத்தில் வேலை செய்யும்.

சேலத்தில் இந்தப் பூ அடையாளத்துக்குப் பூவைவிட அதிக வேலை கொலுசில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை மாதிரி வெள்ளி வேலை நடக்கிற இடங்களில் வீட்டிலிருந்தே செய்து விற்கிறவர்களுக்கு இன்று ஆர்டர் வருவதே படத்தைப் பார்த்துத்தான். வெள்ளி தன் எதிரே இருப்பதையே காட்டுகிற பொருள், ஃப்ளாஷ் அடித்தால் நாலைந்து வெடித்த பொட்டுகளும் மற்ற இடமெல்லாம் கறுப்புமாக வரும். நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில் ஒரு கறுப்பு அல்லது கரும்பச்சைத் துணியை விரித்துக் கொலுசை வையுங்கள், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட்டை நிமிர்த்தி நிறுத்துங்கள், அந்த வெள்ளை கொலுசின் இருண்ட பக்கத்தில் பிரதிபலித்து உலோகத்தை முழுசாகக் காட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் வெள்ளியில் நீலமும் மஞ்சளும் ஏறும். இப்போது சட்டகத்தில் அதிகம் இருப்பது கறுப்புத் துணி. கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கொலுசு வெளுத்து வேலைப்பாடு மறையும். அதனால் மைனஸ் 0.7, தேவைப்பட்டால் மைனஸ் 1. 2 வினாடி டைமர், கேமரா ஒரு புத்தக அடுக்கின் மேல். எடுத்ததும் திரையில் பெரிதாக்கிச் சலங்கை முத்துகள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு முத்தும் தனித்தனி உருண்டையாகத் தெரிந்தால் அனுப்பலாம், வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கிடந்தால் இன்னொரு 0.3 குறைத்து மறுபடி எடுங்கள்.